சொகுசாக ஓடும் ஏடிவியைத் தேர்ந்தெடுத்தல்: ஹாலிபர்ட்டன் காட்டுப் பாதைகளில் பெற்ற அனுபவம்

ஏடிவி எனப்படும், கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்கான நான்கு சக்கர வண்டியை வாங்கச் செல்பவரிடம் விற்பனையாளர் முதலில் எடுத்துச் சொல்வது இன்ஜினின் சிசியையும் குதிரைத்திறனையும்தான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஹாலிபர்ட்டன் பகுதியில் உள்ள எங்கள் சிறு காட்டு நிலத்தைப் பராமரிக்கவும், அங்கிருந்து சுற்றுவட்டாரப் பாதைகளில் மனைவியுடன் சென்று வரவும் சில ஆண்டுகளாக இத்தகைய வண்டியைப் பயன்படுத்தி வருகிறேன். அந்த இரண்டு எண்களும் பயணத்தின் சொகுசைப் பற்றி ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை என்பதே என் முடிவு. நாள் முழுவதும் ஓட்டிவிட்டு முதுகு நோகாமல் இறங்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது, மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது கற்களின் மீதும் வேர்களின் மீதும் பின்சக்கரங்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதுதான்.

ஹாலிபர்ட்டன், கனடியக் கேடயம் எனப்படும் மிகப் பழைய பாறைப் பரப்பின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. பாறையின் மேல் மண் மெல்லியதாகவே படிந்திருப்பதால், மரங்களின் வேர்கள் ஆழத்திற்குப் போக வழியின்றிப் பாதையின் குறுக்கே மேலோட்டமாகப் பரவிக் கிடக்கின்றன. இது ஒரு வகைத் தரை. இதற்கு நேர்மாறானது, கின்மவுண்டிலிருந்து ஹாலிபர்ட்டன் வரை ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளும் பழைய ரயில் தடம். தண்டவாளங்கள் அகற்றப்பட்ட அந்தத் தடம் சமதளமானது. ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. ஆனால் சரளை பரப்பிய பகுதிகளில் வண்டிகள் ஓடி ஓடி அலை அலையாக வரிகள் விழுந்திருக்கும். காட்டுப் பாதையில் பெரிய அடிகள் இடைவெளி விட்டு வருகின்றன. ரயில் தடத்தில் சிறிய அதிர்வு ஓயாமல் வருகிறது. முன்னதில் நன்றாக இருக்கும் வண்டி பின்னதில் கையையும் இடுப்பையும் மரத்துப்போகச் செய்யலாம் என்பதால், ஓரிடத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு எந்த வண்டியையும் சொகுசானது என்று சொல்லிவிட முடியாது.

ஏடிவிக்களின் பின்புற சஸ்பென்ஷன் இரண்டு வகைப்படும். ஒன்றில், இரு பின்சக்கரங்களும் ஒரே திடமான ஆக்சிலில் பொருத்தப்பட்டு, அந்த ஆக்சில் முழுவதும், வண்டியின் சட்டகத்தோடு கீல் போல இணைந்த ஸ்விங்ஆர்ம் என்ற கையுடன் சேர்ந்து ஏறி இறங்கும். மற்றொன்றில், ஒவ்வொரு பின்சக்கரமும் தனக்கென ஒரு கையும் ஷாக் அப்சார்பரும் கொண்டு தனித்தனியே அசையும். திட ஆக்சில் வண்டியில் இடது சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறினால், ஆக்சிலோடு சேர்ந்து வண்டியின் பின்பகுதியே வலப்புறம் சாய்கிறது. அமர்ந்திருப்பவரின் இடுப்பு அந்தச் சாய்வைப் பக்கவாட்டு உதையாக உணர்கிறது. தனி சஸ்பென்ஷனில் கல்லின் மேல் ஏறுவது அந்தச் சக்கரம் மட்டுமே. சாய்வு முற்றிலும் மறைவதில்லை என்றாலும் பெருமளவு குறைந்துவிடுகிறது. என் கருத்தில், சொகுசைத் தேடுபவர் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். திட ஆக்சில் கொண்ட ஹோண்டா ரான்சரில் பின்சக்கரத்தின் அசைவு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்; போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570-இல் ஏறத்தாழ 24; யமஹா கிரிஸ்லி 700-இல் ஏறத்தாழ 23. ஆனால் 24-க்கும் 23-க்கும் உள்ள வேறுபாட்டை எந்த உடலும் உணரப் போவதில்லை. அந்த 23 சென்டிமீட்டரில் முதல் ஐந்தாறு சென்டிமீட்டரை ஷாக் எவ்வளவு எளிதாக விட்டுக்கொடுக்கிறது என்பதே முக்கியம், அது எந்த விவரத்தாளிலும் அச்சிடப்படுவதில்லை. எங்களிடம் இருப்பது தனி சஸ்பென்ஷன் கொண்ட, இருவர் அமரும் வகை வண்டி. அதன் பெயரை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. ஒரே பெயரில் வரும் வண்டிக்கு ஆண்டுக்காண்டு ஷாக்கும் டயரும் இருக்கையும் மாறுவதால், பெயரை மட்டும் நம்பி வாங்குபவர் பழைய மாடலின் சொகுசைப் புதியதில் தேடிக்கொண்டிருக்க நேரும்.

திட ஆக்சிலை விரும்பி வாங்குபவர்களுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. வெட்டிய மரக்கட்டைகளை இழுக்கும்போது அதன் பின்பகுதி தாழ்வது குறைவு. அசையும் மூட்டுகள் குறைவு என்பதால் பராமரிப்பும் குறைவு. சரிவில் குறுக்காகச் செல்லும்போது வண்டி பக்கவாட்டில் கவிழ்வது போன்ற அச்சத்தைத் தருவதில்லை. இந்தக் கடைசிக் காரணத்தைச் சொகுசு தேடுபவர்கள் கவனிக்க வேண்டும். மென்மையான ஸ்பிரிங்கும் நீண்ட அசைவும் கொண்ட வண்டி, வளைவிலும் சரிவிலும் வெளிப்புறமாக அதிகம் சாயும். இதைக் கட்டுப்படுத்தவே பல வண்டிகளில் சாய்வைத் தடுக்கும் கம்பி ஒன்று இரு சக்கரங்களையும் இணைக்கிறது. அந்தக் கம்பி எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்குத் தனி சஸ்பென்ஷனின் பயனும் குறைகிறது என்பதால், எந்தத் தயாரிப்பாளரும் ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பெற முடியும். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 11 முதல், பொதுப் பயன்பாட்டுக்கான புதிய குவாட் வண்டிகள் (ஏடிவிக்கு அங்குள்ள பெயர்) பக்கவாட்டில் ஏறத்தாழ 28.8 பாகை வரை சாய்த்தாலும் இரு சக்கரங்களில் நிற்கும் நிலைக்கு வரக்கூடாது என்பதும், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதும் கட்டாயமாக்கப்பட்டன. பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் அந்த விதிகளை ஏற்பதைவிட அச்சந்தையிலிருந்தே விலகினார்கள். மென்மையான வண்டியை விரும்பும் நானும் செங்குத்தான சரிவில் குறுக்காக ஓட்டுவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

டயர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் செலவழிக்காமல் சொகுசைக் கூட்டவோ கெடுக்கவோ கூடிய இடம் அதுவே. ஏடிவி டயரின் காற்றழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 8 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) இருக்கும். காருக்கு நாம் வைக்கும் 30-க்கு மேற்பட்ட அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் சொற்பம். சிறு கற்களின் அதிர்வை ஷாக் உணர்வதற்கு முன்பே டயரின் பக்கச்சுவர் விழுங்கிவிடுகிறது. 5 பிஎஸ்ஐ வைக்க வேண்டிய டயரில் 8 வைத்தால், எவ்வளவு விலை உயர்ந்த சஸ்பென்ஷனாக இருந்தாலும் ரயில் தடத்தில் கை மரத்துப்போகும். 3-க்குக் குறைத்தால் கூர்மையான பாறையில் ரிம் அடிபடும், டயர் ரிம்மிலிருந்து கழலவும் கூடும். காரின் அழுத்தமானியில் இந்த வேறுபாடு சரியாகத் தெரியாது என்பதால், 10 அல்லது 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் மானி ஒன்றைத் தனியாக வாங்கி வைப்பது அவசியம்.

தட்பவெப்பம் இதில் எவ்வளவு விளையாடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 20 டிகிரி செல்சியஸில் 5 பிஎஸ்ஐ வைத்த டயர், இலையுதிர் காலக் காலையில் வெப்பநிலை சுழியத்திற்கு இறங்கும்போது, ஒரு துளிக் காற்றும் கசியாமலேயே ஒன்றேகால் பிஎஸ்ஐக்கு மேல் இழந்துவிடும். காரில் அதே இறக்கம் ஏற்படுத்தும் வேறுபாடு சிறு விகிதமே. இங்கோ நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். எனவே வண்டி கிளம்பும் இடத்தில், கிளம்பும் நேரத்தில்தான் அழுத்தம் பார்க்க வேண்டும். நகரத்து கராஜின் கதகதப்பில் பார்த்த எண்ணுக்குக் காட்டில் மதிப்பில்லை.

டயரின் அளவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 26 அங்குல டயரை 12 அங்குல ரிம்மில் பொருத்தினால் பக்கச்சுவருக்கு 7 அங்குலம் கிடைக்கிறது. 14 அங்குல ரிம்மில் அது 6 ஆகக் குறைகிறது. பெரிய ரிம் பார்வைக்கு மிடுக்காக இருக்கும், வளைவில் உறுதியாகவும் இருக்கும். ஆனால் மெத்தையாகச் செயல்படும் ரப்பரின் உயரம் குறைந்துவிடுகிறது. அதுபோலவே, பஞ்சருக்கு அஞ்சி எட்டு ப்ளை (டயரின் வலுவைக் குறிக்கும் அடுக்கு எண்) டயர் போடுபவர் அதன் விறைப்பையும் சேர்த்தே வாங்குகிறார். கூர்மையான பாறைகள் நிறைந்த எங்கள் பகுதிக்கு ஆறு ப்ளை ரேடியல் டயர் போதுமானதாக இருக்கிறது.

அடுத்தது ஸ்பிரிங்கின் முன்னழுத்தம். பெரும்பாலான வண்டிகளில் ஷாக்கின் அடியில் ஒரு படிவளையம் இருக்கும். அதற்கென்று தரப்படும் ஸ்பேனரால் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும் அல்லது தளரும். ஓட்டுபவர் அமர்ந்த நிலையில், சக்கரத்தின் மொத்த அசைவில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வண்டி தாழ்ந்திருப்பது நல்ல அளவு. அதைவிடக் குறைவாகத் தாழ்ந்தால் ஸ்பிரிங் மிகை இறுக்கம். ஒல்லியானவர்கள் கடையிலிருந்து வந்த நிலையிலேயே ஓட்டிவிட்டு, வண்டி முரட்டுத்தனமாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பின்னால் ஒருவர் அமரும்போது பின்ஷாக்குகளை இரண்டு படி இறுக்குகிறேன், தனியாகச் செல்லும்போது மீண்டும் தளர்த்துகிறேன். இதைச் செய்யாமல் இருவராகச் சென்றால் பெரிய குழியில் சஸ்பென்ஷன் அடித்தளம் தட்டும். அந்த அடியை ஓட்டுபவரைவிடப் பின்னால் இருப்பவரே வாங்கிக்கொள்வார்.

இருவர் அமரும் வகை என்பது நீளமான இருக்கை போட்ட சாதாரண வண்டி அல்ல. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையிலான தூரம் அதில் கூடுதலாக இருக்கும். கான்-ஆம் அவுட்லேண்டரின் முந்தைய தலைமுறையில் ஒருவருக்கானதில் ஏறத்தாழ 130 சென்டிமீட்டராக இருந்த அந்தத் தூரம், இருவருக்கான மேக்ஸ் வகையில் ஏறத்தாழ 150 ஆனது. நீளம் கூடக் கூட வண்டி முன்னும் பின்னும் ஊசலாடுவது குறைகிறது. எனவே தனியாகவே ஓட்டுபவருக்கும் இவ்வகை கூடுதல் சொகுசைத் தரும். குறுகிய திருப்பங்களில் ஒருமுறை பின்னெடுக்க வேண்டியிருப்பதும், விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஏறும்போது வயிற்றுப்பகுதி தட்டுவதும் அதற்குக் கொடுக்கும் விலை. ஒருவருக்கென வடிவமைக்கப்பட்ட வண்டியில் பின்னால் ஆளை ஏற்றக்கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை, ஆயினும் கோடை வார இறுதிகளில் அதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

பவர் ஸ்டீரிங்கைப் பலர் கைக்கு வலுக் குறைவானவர்களுக்கான வசதி என்று நினைக்கிறார்கள். யமஹா 2007 மாடல் கிரிஸ்லி 700-இல் மின்சார பவர் ஸ்டீரிங்கைக் கொண்டுவந்த பிறகு மற்ற நிறுவனங்களிலும் அது பரவியது. அதன் பெரிய பயன் திருப்புவதை எளிதாக்குவதில் இல்லை. முன்சக்கரம் கல்லில் மோதும்போது ஹேண்டில்பார் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் உதறலை அது அடக்குகிறது. மாலையில் மணிக்கட்டு வலிக்காமல் இருப்பதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகும். இருக்கையைப் பொறுத்தவரை, கடையில் அமர்ந்தவுடன் பஞ்சணை போல அமுங்கும் இருக்கை ஒரு மணி நேரத்தில் அடித்தளத்தைத் தொட்டுவிடும். சற்று இறுக்கமான நுரையே மேல்.

நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவருவது, சொகுசு ஒரே நாளில் போய்விடுவதில்லை என்பது. சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் உள்ள புஷ்கள் எனும் உள்வளையங்கள் சேற்றுநீரில் தேய்கின்றன, பால் ஜாயிண்டுகள் எனும் பந்து மூட்டுகளில் தளர்வு விழுகிறது, ஷாக்கின் எண்ணெய் வலுவிழக்கிறது. இவையெல்லாம் மெதுவாக நடப்பதால் ஓட்டுபவரின் உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. எங்கள் வண்டியில் பின்புறப் புஷ்களையும் ஷாக்குகளையும் மாற்றியபோதுதான், இழந்தது எவ்வளவு என்பதே தெரிந்தது. தனி சஸ்பென்ஷனுக்கு ஆக்சில் ரப்பர் உறைகளும் கூடுதல் என்பதால், ஆழமான சேற்றில் ஓட்டிய பின் அவற்றில் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும், கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் கிரீஸ் அடிப்பதும் வழக்கமாக வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கக் கேட்பவர்களுக்குக் கடையின் தார் முற்றமே பெரும்பாலும் கிடைக்கும். அங்கேயும் ஒரு சோதனை செய்யலாம்: நடை வேகத்தில், ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் ஒரு மரக்கட்டையின் மீது ஏறி இறங்குமாறு ஓட்டி, இடுப்பு எவ்வளவு பக்கவாட்டில் தள்ளப்படுகிறது என்று பார்க்கலாம். முடிந்தால் அதே வகை வண்டியை வாடகைக்கு எடுத்து, டயர் அழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, அரை நாளாவது சரளைப் பாதையில் ஓட்டுவது நல்லது. குளிர்காலத்தில் பனி தள்ளும் தகடு பொருத்தப் போகிறவர்கள் அதன் எடை முன்ஸ்பிரிங்குகளின் மேல் விழுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதற்காக நவம்பரில் இறுக்கிய முன்னழுத்தத்தை, தகட்டைக் கழற்றிய பிறகு ஏப்ரலில் தளர்த்தாமல் விட்டால், கோடை முழுவதும் முன்பக்கம் விறைப்பாகவே ஓடும்.