ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் 6,500 ரூபாயையும் ஒரு நல்ல ட்வீட்டரையும் (மேல் ஓசைக்கான சின்ன ஸ்பீக்கர்) இழந்து நிற்கிறேன். பழைய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்களைப் புதுப்பிக்க நினைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்காரர்கள் யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஸ்பீக்கர் ஜோடியை அப்பா 1997-இல் பெங்களூரில் வாங்கினார். காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு நடக்கும் பாரதக் கூத்தைப் பல வருடங்கள் கேசட்டில் பதிவு செய்து வைத்திருக்கிறார். இன்றும் மாலையில் அதைத்தான் கேட்பார். போன வருடம், "தாளச் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறதடா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் பலகைதான் மேல் ஓசையை ட்வீட்டருக்கும் கீழ் ஓசையை வூஃபருக்கும் பிரித்து அனுப்புகிறது. ட்வீட்டருக்கு முன்னால் இருந்து கீழ் ஓசையைத் தடுக்கும் கெப்பாசிட்டர் எலக்ட்ரோலைட்டிக் வகை (முனை பார்க்காமல் மாட்டக்கூடியது) என்றால், இருபது முப்பது வருடத்தில் உள்ளிருக்கும் திரவம் வற்றி, மின்தடை ஏறி, மேல் ஓசை மங்கிவிடும்.

கடைக்காரர் பலகையை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "கெப்பாசிட்டர் மட்டும் போதாது சார், காயிலும் பழசாகிவிட்டது. எல்லாவற்றையும் மாற்றி, வெளிநாட்டு ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டுத் தருகிறேன்" என்றார். ஃபிலிம் கெப்பாசிட்டர் என்பது திரவம் இல்லாமல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் செய்வது. காயில் வெறும் செம்புக் கம்பிச் சுற்று. வற்றிப்போகக் காயிலில் ஒன்றும் இல்லை. அறுந்தாலோ கருகினாலோ ஒழிய மாற்ற வேண்டியதே இல்லை. இது அன்று எனக்குத் தெரியாது. பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கவும் தோன்றவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் சத்தம் கூடியிருந்தது. ஆனால் கூத்தில் ஊதும் சின்னக் குழலான முகவீணை காதைக் கிழித்தது. அப்பா பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். நான்காம் நாள் வலது ட்வீட்டர் நின்றுபோனது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். எட்டு ஓம் ட்வீட்டர் மீட்டரில் ஆறு ஓம் அளவில் காட்ட வேண்டியது, எதுவும் காட்டவில்லை. உள்ளே கம்பி எரிந்துவிட்டது.

பலகையைக் கழற்றினேன். பருமனான மஞ்சள் உறையோடு அழகாகத்தான் இருந்தது அந்த ‘ஃபிலிம்’ கெப்பாசிட்டர். கையில் எடுத்தால் கனமே இல்லை. பிளேடால் உறையைக் கீறினேன். காகிதத்தைச் சுருட்டி அடைத்து, நடுவில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சாதாரண எலக்ட்ரோலைட்டிக். அதன் பக்கவாட்டில் எதிர்முனையைக் காட்டும் வெள்ளைக் கோடு. பாட்டின் மின்னோட்டம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறுவது. முனை பார்த்து மாட்ட வேண்டிய கெப்பாசிட்டருக்கு அங்கே வேலையே இல்லை.

அதைவிடக் கொடுமை அளவு. பலகையில் 4.7 மைக்ரோஃபாரட் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. உள்ளே இருந்தது 10. எட்டு ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 4.7 இருந்தால் ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸில் பிரியும். 10 போட்டால் அது 2,000-க்கு இறங்கிவிடும். வூஃபர் சுமக்க வேண்டிய பாரத்தை அந்தச் சின்னஞ்சிறு ட்வீட்டரின் தலையில் ஏற்றிவிட்டார்கள். முகவீணை கத்தியதும் ட்வீட்டர் எரிந்ததும் இதனால்தான்.

வூஃபருக்கான தடித்த கம்பிக் காயில்களையும் காணவில்லை. அந்த இடத்தில் இரும்புத் துண்டின் மேல் மெல்லிய கம்பி சுற்றிய ஏதோ இரண்டு இருக்கின்றன. பழைய காயில்கள் எங்கே போயின என்று கேட்டதற்கு, "குப்பையில் போட்டுவிட்டோம் சார்" என்றார். ட்வீட்டரைப் பற்றிக் கேட்டதற்கு, "பழைய ஸ்பீக்கர், அதுவாகவே போயிருக்கும்" என்றார். அவர் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘ஸ்பீக்கர் சர்வீஸ்’ என்ற இரண்டு சொல்லும் தொகையும்தான் இருந்தன. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைப்பதானாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானாலும், என்ன பாகம் போட்டார் என்று காட்ட என் கையில் எழுத்து ஒன்றும் இல்லை.

ஆகவே, கொடுப்பதற்கு முன் நீங்களே பின்பக்கத்தைத் திறந்து, பலகையின் இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். என்ன வகை, எத்தனை மைக்ரோஃபாரட், எத்தனை வோல்ட் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய பாகங்களைத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரில், புதியதைப் பற்றவைக்கும் முன்பே உங்கள் கண்ணெதிரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். பலகையில் மாட்டிய பின் அளந்தால் மற்ற பாகங்களும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். உண்மையான ஃபிலிம் கெப்பாசிட்டருக்கு மின்தடை மிகக் குறைவு என்பதால் மேல் ஓசை முன்பைவிடச் சற்றுத் தூக்கலாகக் கேட்கலாம். வேலை தெரிந்தவர் இதை முன்கூட்டியே சொல்வார், தேவையென்றால் ஒரு சிறிய ரெசிஸ்டரும் சேர்ப்பார்.

மின்னணுப் பாகங்கள் விற்கும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் 4.7 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர் இரண்டு வாங்கிவந்து நானே பற்றவைத்தேன். இடது பக்கத்தில் இப்போது தாளம் தெளிவாகக் கேட்கிறது. அப்பா நாற்காலியை அந்தப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார். வலது பக்கத்துக்கு அதே ட்வீட்டரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.