வடபழனி டு கிண்டி: ஸ்கூட்டரை விட்டு இறங்க எனக்கு ஏழு வருடம் ஆனது

2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு முதல் மெட்ரோ ஓடியபோது எனக்கு வடபழனியில் வீடு, கிண்டியில் வேலை. வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட நடையில் ஸ்டேஷன். இனிமேல் ஸ்கூட்டரைத் தொட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு மாதம்கூட அது நிலைக்கவில்லை. கோயம்பேடு டு ஆலந்தூர் அப்போது 40 ரூபாய். ஸ்கூட்டருக்கு அந்தக் காசில் பெட்ரோல் போட்டால் இரண்டு நாள் ஓடும். ஆலந்தூரில் இறங்கிய பிறகு கிண்டிக்கு வேறு ஏதாவது பிடிக்க வேண்டும். ரயில் பாதை கிண்டியைத் தொட்டது 2016 செப்டம்பரில்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மட்டும் மெட்ரோதான் என்னை வீடு சேர்த்தது. ஈக்காட்டுத்தாங்கலில் அடையாறு பொங்கி ரோடு போக்குவரத்தே நின்றுவிட்டது. ஆலந்தூர் வரை நனைந்தபடி நடந்து ரயில் ஏறினேன். ஜன்னலுக்குக் கீழே பழுப்புத் தண்ணீர், பெட்டிக்குள் ஈரத் துணியோடு நெருக்கிப் பிடித்த கூட்டம். முன்பின் தெரியாத ஒருவர் தன் போனைக் கொடுத்து, “வீட்டுக்குச் சொல்லிடுங்க சார்” என்றார். அன்றைக்கு வந்த நம்பிக்கை இன்றுவரை போகவில்லை. ஆனாலும் தண்ணீர் வடிந்ததும் மறுபடி வண்டியைத்தான் எடுத்தேன். தினமும் போய்வருகிறவனுக்கு நம்பிக்கையோடு மாதக் கணக்கும் ஒத்துவர வேண்டும்.

பணம் எவ்வளவு முக்கியம் என்பதை பஸ்ஸில்தான் இன்னும் தெளிவாகப் பார்த்தேன். 2018 ஜனவரியில் சென்னையில் சாதாரண பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ஆனது. எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா அன்றிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வர ஆரம்பித்தார். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அப்புறம் அவர் நடப்பது நின்றது. அது மட்டுமல்ல, மதியம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். முன்பு அந்தப் பயணமே கிடையாது. இலவசம் என்றால் ஏற்கெனவே பஸ்ஸில் போகிறவர்களுக்குக் காசு மிச்சம், அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்கள் இந்த மதியப் பயணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, கட்டணம் குறைந்தால் எல்லோரும் ஏறிவிடுவார்களா? மாட்டார்கள். எங்கள் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோவுக்குப் பஸ்ஸைவிட அதிகம் கொடுத்து ஏறுகிறவர்களை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். நசுங்கி உட்காரவும் தயாராக இருக்கிறார்கள், ஏனென்றால் ஆட்டோ இப்போதே கிளம்புகிறது. பஸ் ஐந்து நிமிடத்திலும் வரலாம், முப்பது நிமிடத்திலும் வரலாம். தாமதத்தைவிட இந்த நிச்சயமில்லாமைதான் ஆளைக் கொல்கிறது. 2022இல் பஸ் எங்கே வருகிறது என்று போனில் பார்க்கும் வசதி வந்தபோது எனக்குப் பெரிய மாற்றமே அதுதான். பஸ் சீக்கிரம் வந்துவிடவில்லை. பதினைந்து நிமிடம் ஆகும் என்று தெரிந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். ஆனால் அதுவே போதுமாக இருந்தது.

மெட்ரோவில் அந்தக் கவலை முன்பே இல்லை. 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 70இலிருந்து 50 ஆனது, க்யூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதத் தள்ளுபடியும் இருக்கிறது. அலுவலகம் முழுதாகத் திறந்த 2022இல் கணக்குப் போட்டுப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். என்னைப் போல நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு சுமார் 6 கோடியாக இருந்த மெட்ரோ பயணங்கள் 2024இல் 10 கோடியைத் தாண்டின.

மூன்று வருடத்துக்கு மேல் தினமும் போய்வந்த பிறகு எனக்கு இருக்கும் ஒரே குறை ரயிலைப் பற்றியதல்ல, அந்தப் பன்னிரண்டு நிமிட நடையைப் பற்றியது. நடைபாதையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதைச் சுற்ற ரோட்டில் இறங்க வேண்டும். அடுத்து வரிசையாக பைக்குகள், மறுபடி இறங்க வேண்டும். மழை பெய்தால் அந்த ஓரம் முழங்கால் தண்ணீர். ஏசி பெட்டியில் வந்தவன் வீடு சேரும்போது பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறேன். அறுபத்தெட்டு வயது அம்மா மெட்ரோவில் ஏற ஆசைப்படுகிறார், ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது, உட்கார இடமும் கொடுக்கிறார்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டத்தான் அவரால் முடியவில்லை. ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போவதென்றால், அதற்கு நேரே கோயிலுக்கே ஆட்டோவில் போய்விடலாமே என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார்.

ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை. மாதத்தில் நாலைந்து நாள் என் மனைவிக்கு வேலை முடிய இரவு பத்தரை ஆகிவிடும். ரயில் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தெருவிளக்குகள் எரிவதில்லை. அந்த நாட்களில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறேன். அதற்காகத்தான் வருடா வருடம் இன்சூரன்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறேன்.