மட்டக்குளிக் கடற்கரையில் இரவுக் கூடாரம் என்று முற்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

கொழும்பில் இருக்கிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். போன சனிக்கிழமை எங்களுக்கு நடந்தது இது.

வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. மட்டக்குளியில், களனி ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட உள்ள சின்னப் பூங்காவில் பிக்னிக், கடற்கரை ஆய்வு, இரவுக் கூடாரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,500 ரூபா. வெள்ளவத்தையில் மாடிவீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பிள்ளைகள் ஓர் இரவாவது கடற்காற்றில் படுத்தெழும்பட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆறு பேருக்குப் பாதிப் பணமாக 10,500 ரூபாவை வங்கியில் போட்டேன். கணக்கு தனியாள் ஒருவரின் பெயரில் இருந்தது. பற்றுச்சீட்டும் தரவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

போய் இறங்கியதும் மிச்சப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வழிகாட்டி என்று வந்தவர் ஓர் இளைஞர். "ஆழமில்லை அக்கா, பிள்ளைகளைக் குளிக்க விடுங்க" என்றார். பணம் போனதை விட இதை நினைத்தால்தான் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். ஆறும் சேற்று நிறத்தில் குப்பையைத் தள்ளிக்கொண்டு வந்து விழுந்துகொண்டிருந்தது. வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் ஓடி வந்து, "தங்கச்சி, பிள்ளைகளை இறக்காதீங்க, ஆத்து முகத்துல அடியால இழுக்கும்" என்று தடுத்தார். அவருக்குக் கோடி புண்ணியம்.

மகள் மணலில் பருப்பு அளவு வெள்ளை மணிகளைப் பொறுக்கி வந்து காட்டினாள். மீன் முட்டை என்று சொல்லிக் கொடுத்தார் வழிகாட்டி. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்து கரையெல்லாம் ஒதுங்கியதே பிளாஸ்டிக் குருணி, அதே மாதிரி இருந்தது. பிடுங்கி எறிந்து கையைக் கழுவவைத்தேன்.

பொழுது படும் நேரம், கூடாரம் அடித்து முடித்த கையோடு காவலாளி வந்தார். இரவில் இங்கே தங்க முடியாது, யார் அனுமதி தந்தது என்று கேட்டார். "முதலாளியோடு கதைச்சிட்டு வாறேன்" என்று போன இளைஞர் வரவேயில்லை. சாப்பாடும் வரவில்லை. ஒன்பது மணிக்கு இரண்டு ஓட்டோ பிடித்து, பசியோடு தூங்கிப்போன பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தோம்.

பணத்தைக் கேட்டதற்கு "திருப்பித் தரப்படமாட்டாது" என்று ஒரே ஒரு வரி. அப்புறம் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். திருகோணமலைக்கார மாமாவிடம் விளம்பரப் படத்தைக் காட்டினேன். "இது நிலாவெளியல்லோ, பின்னால தெரியிறது புறாத்தீவு" என்றார் பார்த்த உடனேயே.

இப்படி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் வங்கிச் சீட்டையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுங்கள். நானும் கொடுக்கிறேன். அடுத்த போயா விடுமுறைக்கு அதே நிலாவெளிப் படத்தோடு நேற்று மறுபடியும் விளம்பரம் வந்திருக்கிறது.