‘எந்த எஃப்சி?’ என்று கேட்ட கடை

மதுரை அண்ணா நகரில் உள்ள ஒரு ஸ்கேன் மையத்தின் சர்வர் அறையைக் கடந்த ஆறு ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் அனைத்தும் ஒரே ஸ்டோரேஜில்தான் சேர்கின்றன. அதனால் சர்வரிலிருந்து அதற்கு ஃபைபர் சேனல் (சர்வரையும் ஸ்டோரேஜையும் ஒளியிழையால் இணைக்கும் முறை) வழியாக இரண்டு பாதைகள் போட்டு வைத்திருக்கிறோம். சென்ற ஆடி மாதத்தில் அவற்றில் ஒன்று விட்டு விட்டு அறுபடத் தொடங்கியபோதுதான், டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்த ஒளியிழைக் கேபிள் கடைக்கு முதன்முதலாக வந்தேன். அதன் பிறகு மூன்று முறை வந்துவிட்டதால், விவரமாக எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன், இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ‘எஃப்சி பேட்ச் கார்டு’ (இரு முனையிலும் தலை மாட்டிய இணைப்புக் கேபிள்) என்று கேட்டு வாங்கியிருந்தேன். ஐந்து நாள் கழித்து வந்த பொட்டலத்தில், திருகி மாட்டும் உலோகத் தலையுடன் ஒரு மஞ்சள் கேபிள் இருந்தது. கனெக்டர்களைப் பொறுத்தவரை எஃப்சி என்பது 2.5 மி.மீ. பெரூல் (இழை முனையைப் பிடித்திருக்கும் சிறு குழல்) கொண்ட, மரை போட்டுத் திருகும் ஒரு வகையின் பெயர். ஸ்டோரேஜ்காரர்களுக்கோ அதே இரண்டு எழுத்து ஃபைபர் சேனல் என்னும் நெறிமுறையைக் குறிக்கும். ஃபைபர் சேனல் 1 ஜிகாபிட்டில் ஓடிய காலத்தில் ஜிபிக் என்னும் மாட்யூலில் (மின்குறியை ஒளியாக மாற்றும் செருகுபொருள்) சதுரத் தலை கொண்ட எஸ்சி கனெக்டரை மாட்டினார்கள். 2 ஜிகாபிட்டோடு அதைவிடச் சிறிய எஸ்எஃப்பி மாட்யூல் வந்ததிலிருந்து எல்சி என்னும் சிறிய கனெக்டர்தான் வழக்கம். போதாக்குறைக்கு மஞ்சள் உறை என்றால் 9 மைக்ரான் கரு (ஒளி செல்லும் நடுப்பகுதி) கொண்ட சிங்கிள் மோடு இழை. எங்கள் மாட்யூல்களோ 850 நானோமீட்டரில் 50 மைக்ரான் கரு கொண்ட மல்டிமோடு இழைக்குள் ஒளியைச் செலுத்துபவை. பணத்தைத் திருப்பித் தர அந்த விற்பனையாளர் மறுத்துவிட்டார்.

இந்தக் கடையிலும் நான் அதே சொல்லைத்தான் சொன்னேன். கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. “எந்த எஃப்சி சார்? திருகுற எஃப்சியா, ஸ்டோரேஜ் எஃப்சியா?” என்று கேட்டுவிட்டு, வேகம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, இரண்டு முனையிலும் என்ன மாட்யூல் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நான் கையோடு கொண்டு போயிருந்த பழைய எல்சி கேபிளை வாங்கி, மேசை மேலிருந்த மைக்ராஸ்கோப்பில் செருகினார்.

சின்னத் திரை முழுவதும் சாம்பல் நிற வட்டம் ஒன்று நிறைந்தது. 125 மைக்ரான் குறுக்களவுள்ள கண்ணாடி முனை அது. அதன் நடுவே கரு சற்று வெளிறித் தெரிய, கருவின் விளிம்பில் கேழ்வரகு மணி போல ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டியிருந்தது. அதிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. 1.25 மி.மீ. பெரூலுக்கான துடைப்புப் பேனாவை வைத்து ஒருமுறை ‘டிக்’ என்று அழுத்தினார். புள்ளி போயிற்று, பிசுக்கு பாதி நின்றது. இரண்டாவது அழுத்தத்தில் வட்டம் துப்புரவாயிற்று. “கேபிள் நல்லாத்தான் இருக்கு சார், புதுசு வேண்டாம். மாட்யூல் வாயையும் இதே மாதிரி துடைச்சுட்டு மாட்டிப் பாருங்க. ஆடிக் காத்துல மூடியில்லாம வெச்சா இப்படித்தான் ஆகும்” என்றார். அன்று நான் பேனாவை மட்டும் வாங்கிச் சென்றேன். ஸ்விட்சில் நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்த சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவு) எண்ணிக்கை அன்று மாலையோடு நின்றுவிட்டது. கேபிள் வாங்க வந்தவனிடம் கேபிள் வேண்டாம் என்று சொன்ன அந்த நேர்மைக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த முறை வந்தது பெரிய வேலைக்கு. மாடியில் புதிதாக வைக்கும் பேக்கப் ஸ்டோரேஜை 16 ஜிகாபிட்டில் இணைக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே சுவருக்குள் ஆரஞ்சு நிற ஓஎம்2 (மல்டிமோடு இழையின் ஒரு பழைய தரம்) கேபிள் சுமார் 60 மீட்டர் ஓடியிருந்தது. இரு முனையிலும் எல்சி மாட்டித் தந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். கடைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஓஎம்2 இழையில் 8 ஜிகாபிட்டுக்கே 50 மீட்டர்தான் வரம்பு, 16 ஜிகாபிட்டுக்கு 35 மீட்டர்; அடுத்த தரமான ஓஎம்3 ஆக இருந்தால் முறையே 150, 100 மீட்டர் வரை போகலாம். முனையை எவ்வளவு நேர்த்தியாக மாட்டினாலும் இழையின் வரம்பு மாறாது என்று அவர் சொன்ன பிறகுதான், நீலப்பச்சை உறை போட்ட ஓஎம்3 கேபிளைப் புதிதாக இழுக்க நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினேன். அவருடைய ஆட்களே வந்து பிக்டெயில்களை (ஒரு முனையில் மட்டும் தலை உள்ள சிறு இழைகள்) ஃபியூஷன் முறையில் உருக்கி ஒட்டி, ஒவ்வொரு இணைப்பின் இழப்பையும் அளந்து, பேனலில் எழுதி ஒட்டினார்கள். எல்லாமே 0.3 டெசிபெலுக்குள் இருந்தன.

பிற்பாடு ஃபைபர் சேனலை விட்டுவிட்டு 10 ஜிகாபிட் ஈதர்நெட்டில் ஐஸ்கஸிக்கு (சாதாரண நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜை இணைக்கும் முறை) மாற நேர்ந்தால் என்ன செய்வது என்றும் கேட்டு வைத்தேன். அதே எல்சி, அதே ஓஎம்3 கேபிள் 300 மீட்டர் வரை தாங்கும், மாட்யூலையும் கார்டையும்தான் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். தன் வழியாக ஓடுவது எந்த நெறிமுறை என்பது கேபிளுக்குத் தெரியாது என்பதை இவ்வளவு எளிமையாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

குறைகளும் உண்டு. பல இழைகளை ஒரே தலையில் சேர்க்கும் எம்பிஓ கேபிளும், ஓஎம்3-க்கு அடுத்த தரமான ஓஎம்4-ம் கையிருப்பில் இருப்பதில்லை. சென்னையிலிருந்து வரவழைக்க இரண்டு, மூன்று நாள் ஆகிறது. உறை பிரித்த எஸ்எஃப்பியைத் திருப்பி எடுப்பதில்லை. ஸ்விட்ச் தன் நிறுவன மாட்யூலை மட்டுமே ஏற்கும் வகையாக இருந்தால் நஷ்டம் நமக்குத்தான், எனவே மாடல் எண்ணை உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். மூன்றாவது முறை, இன்டர்நெட் லைனுக்காக நீலத் தலை எஸ்சி பிக்டெயில் கேட்டபோது, கடைக்காரர் இல்லாத நேரத்தில் இளைஞர் ஒருவர் பச்சைத் தலையை எடுத்துக் கொடுத்துவிட்டார். பச்சை என்றால் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது. நீலத்தின் முனையில் அந்தச் சாய்வு கிடையாது. இரண்டையும் எதிரெதிரே மாட்டினால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், முனையும் பழுதாகலாம். பில் போடுமுன் நானே கவனித்ததால் மாற்றிக்கொண்டேன். கடைக்காரரைப் போலவே அந்த இளைஞரும் கேட்டுவிட்டு எடுத்துத் தரப் பழக வேண்டும்.

3 மீட்டர் எல்சி டூப்ளெக்ஸ் ஓஎம்3 கார்டு எனக்கு 450 ரூபாய்க்குக் கிடைத்தது. இணையத்தில் இதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். ஆனால் இங்கே இரு முனைகளையும் திரையில் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறோம். கேட்டால்தான் சோதனைத் தாள் தருகிறார்கள், அதனால் மறவாமல் கேளுங்கள். மதியம் 2 முதல் 4 வரை கடை அடைத்திருக்கும். வரும்போது இரு முனை மாட்யூல்களின் படத்தையும் செல்பேசியில் எடுத்து வந்தால், அவர் கேட்கும் கேள்விகளில் பாதி குறையும்.