வட்டியைப் பார்த்துப் பணம் போட்டோம், எடுக்கும் வழியைப் பார்க்கவில்லை

வீடு வாங்கச் சேர்த்த பணத்தை இணைய வங்கியின் மணி மார்க்கெட் கணக்கில் (சேமிப்புக் கணக்கைப் போல வட்டி தரும் வங்கிக் கணக்கு) போட்டிருக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுத்த இரண்டு மாதத்துக்குள் குளோசிங், அதாவது பணம் கட்டி வீட்டைப் பெயருக்கு மாற்றும் நாள், வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள். எங்கள் பணத்தில் ஒரு காசுகூடத் தொலையவில்லை. ஆனால் வேண்டிய நாளில் அது கைக்கு வரவில்லை. அந்த ஐந்து நாள் தாமதத்துக்கு நாங்கள் கொடுத்த விலை 1,930 டாலர். தூக்கம் போன இரவுகள் தனி.

நியூ ஜெர்சியின் எடிசனில் பதினோரு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்தோம். 2023 ஜூனில் எங்கள் சேமிப்பு 84,000 டாலர். தெருமுனையில் கிளை வைத்திருக்கும் பெரிய வங்கியில் அது கிடந்தது. அங்கே வட்டி 0.01 சதவீதம், அதாவது ஆண்டு முழுவதும் பணத்தை வைத்திருந்தால் 8 டாலர் 40 சென்ட். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022 மார்ச் முதல் வட்டியை ஏற்றிக்கொண்டே வந்த காலம் அது. இணைய வங்கிகள் நான்கு சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தன. நாங்கள் பார்த்த விளம்பரத்தில் 4.40 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதே 84,000 டாலருக்கு ஆண்டுக்கு 3,696 டாலர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அன்று இரவே கணக்குத் தொடங்கினோம். பத்து நிமிடம்தான் ஆனது.

அந்தப் பத்து நிமிடத்தில் வட்டியைப் பார்த்தேன். எஃப்.டி.ஐ.சி. காப்பீடு, அதாவது வங்கி திவாலானால் பணத்தைத் திருப்பித் தரும் அரசுக் காப்பீடு, இருக்கிறதா என்று பார்த்தேன். ஒருவருக்கு ஒரு வங்கியில் 2,50,000 டாலர்வரை காப்பு உண்டு, எங்கள் தொகை அதற்கு வெகு கீழே. குறைந்தபட்ச இருப்பு, மாதக் கட்டணம் எதுவும் இல்லை என்பதையும் பார்த்தேன். பணம் எந்த வழியில், ஒரு நாளைக்கு எவ்வளவு வெளியே போகும் என்பதை மட்டும் பார்க்கவில்லை.

முதல் அறிகுறி ஜூனிலேயே வந்தது. புதிய வங்கியின் தளத்திலிருந்தே பழைய கணக்கை இணைத்துப் பணத்தை இழுத்தேன். மறுநாள் பழைய வங்கியிலிருந்து 84,000 போய்விட்டது. புதிய வங்கியில் ‘இருப்பு’ என்ற வரியில் 84,000, அதற்குக் கீழே ‘எடுக்கக்கூடியது’ என்ற வரியில் சுழியம். ஏழு வேலைநாள் கழித்துத்தான் இரண்டு எண்களும் ஒன்றாயின. அப்போது பணம் தேவைப்படவில்லை என்பதால் நான் பொருட்படுத்தவில்லை.

இதன் காரணம் பின்னால்தான் புரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏ.சி.எச். என்பது அமெரிக்க வங்கிகளுக்கிடையே சாதாரணமாகப் பணம் மாற்றும் வலையமைப்பு. அதன் வழியில் பணம் இரண்டு விதமாக நகரும். பழைய வங்கியின் தளத்துக்குப் போய் ‘இங்கே அனுப்பு’ என்று நீங்கள் சொன்னால், அது புதிய வங்கிக்கு வரவு. ஃபெடரல் ரிசர்வின் சி.சி. விதிப்படி அப்படி வரும் பணத்தை, வந்து சேர்ந்த மறு வேலைநாளுக்குள் உங்கள் கையில் விட வேண்டும். மாறாக, புதிய வங்கியே போய் இழுத்து வந்தால் அந்த விதியின் காலக்கெடு அதற்குப் பொருந்தாது. இழுத்த பணம் திரும்பிப் போகலாம் என்ற அச்சத்தில் வங்கி தன் விருப்பப்படி நிறுத்தி வைத்துக்கொள்ளும். அதே இரண்டு கணக்கு, அதே பணம். எந்தத் தளத்தில் பொத்தானை அழுத்தினோம் என்பதில்தான் வேறுபாடு. புதிய வங்கியின் திரை இழுக்கும் வழியைத்தான் முன்னால் காட்டும். அது அவர்களுக்கு வசதி.

ஆகஸ்டில் வீடு அமைந்தது. குளோசிங் செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. வாடகை ஒப்பந்தம் 30ஆம் தேதியோடு முடிகிறது, அந்த வீட்டுக்கு 1ஆம் தேதி வேறு குடும்பம் வருகிறது. புரட்டாசி என்பதால் பால் காய்ச்சுவதை ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா ஊரிலிருந்து சொல்லியிருந்தார். ஆனால் பெட்டி படுக்கையோடு போவதைத் தள்ளிவைக்க வழியில்லை. முன்பணமும் மற்றச் செலவுகளும் சேர்த்து 91,300 டாலர், வீட்டின் உரிமையைச் சரிபார்த்துக் குளோசிங்கை நடத்தும் உரிமை ஆவண நிறுவனத்துக்கு, வயர் (வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் முறை) மூலம் போக வேண்டும். அந்த நிறுவனம் சொந்தக் காசோலை வாங்காது. ஊக்கத்தொகையும் மனைவியின் சேமிப்புமாக இன்னொரு 12,000 டாலரை செப்டம்பர் 18ஆம் தேதி அதே கணக்குக்கு இழுத்தேன், ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று. மீண்டும் அதே ஏழு வேலைநாள் நிறுத்தம்.

21ஆம் தேதி வியாழக்கிழமை, பணத்தைப் பழைய வங்கிக்கு அனுப்பி அங்கிருந்து வயர் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 80,000 என்று தட்டினேன். சிவப்பு எழுத்தில் வந்தது: வெளிக்கணக்குக்கு ஒரு நாள் வரம்பு 10,000 டாலர்.

சரி, தினமும் பத்தாயிரமாக அனுப்புவோம் என்று அன்றே 10,000, மறுநாள் 10,000. திங்கள் 10,000, செவ்வாய் 10,000. புதன்கிழமை காலை பொத்தானே அழுந்தவில்லை. இந்த மாதத்துக்கான ஆறு பரிமாற்றங்கள் முடிந்துவிட்டன என்றது திரை. நான் அனுப்பியது நான்குதானே? மாதத் தொடக்கத்தில் வீட்டைச் சோதனையிட்டவருக்குக் கொடுத்ததும், வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியம் கட்டியதும் மற்ற இரண்டு. 54,000 டாலர் உள்ளே, நாங்கள் வெளியே.

தொலைபேசியில் 52 நிமிடக் காத்திருப்புக்குப் பின் பேசிய பெண், “இது எங்கள் விதி இல்லை சார், ஃபெடரல் சட்டம்” என்றார். நானும் நம்பிவிட்டேன். அது சரியல்ல. சேமிப்பு, மணி மார்க்கெட் கணக்குகளிலிருந்து மாதத்துக்கு ஆறு முறைக்கு மேல் இவ்வகையில் எடுக்கக்கூடாது என்ற வரம்பு ஃபெடரல் ரிசர்வின் டி விதியில் நெடுங்காலம் இருந்தது உண்மை. 2020 ஏப்ரல் 24 அன்று அதை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு என்ற எண்ணை வைத்திருப்பதும் விடுவதும் அந்தந்த வங்கியின் முடிவு. பல வங்கிகள் எடுத்துவிட்டன, சில விடவில்லை. தன் முடிவைச் சட்டத்தின் மேல் போட்டு வாடிக்கையாளரை வாயடைக்கச் செய்வதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. உங்களிடம் யாராவது ‘ஃபெடரல் சட்டம்’ என்றால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

பத்தாயிரமாக அனுப்பினால் கட்டாது என்று முன்பே தெரிந்ததால், மீதியைப் பழைய வங்கிக்கு வயரில் அனுப்பச் சொல்லி 22ஆம் தேதியே படிவமும் அனுப்பியிருந்தேன். இணையத்தில் வயர் அனுப்பும் வசதி அந்த வங்கியில் இல்லை. படிவத்தை அச்செடுத்து, நோட்டரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றினேன். செவ்வாய்க்கிழமைவரை ஒரு தகவலும் இல்லை. நானே அழைத்துக் கேட்ட பிறகுதான், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று நிராகரித்துவிட்டதாகச் சொன்னார்கள். எதனோடு ஒத்துப்போகவில்லை? கணக்குத் தொடங்கும்போது நாங்கள் எங்கும் கையெழுத்தே போடவில்லையே. ஓட்டுநர் உரிமத்தின் படத்தை அன்று ஏற்றியிருந்தோம், அதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். உரிமத்தில் நான் போட்டது தமிழ்க் கையெழுத்து. படிவத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தேன். அதில் அவர்கள் நிறுத்தியது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். வயர் போனால் திரும்பாது, வீடு வாங்குபவர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடிகளும் ஏராளம். ஆனால் நிராகரித்த அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்ப அவர்களுக்கு என்ன தடை?

மறுபடி நோட்டரி, மறுபடி படிவம். வியாழக்கிழமை அடுத்த தடை வந்தது. இது நம்மவர்கள் பலருக்கும் வரக்கூடியது, கவனியுங்கள். இரண்டும் கூட்டுக் கணக்குகள். மனைவி அமெரிக்கா வந்தபோது அவருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்துத்தானே முன்னொட்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக ‘எஃப்.என்.யு.’ என்று அச்சடித்து, உண்மையான பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிடுவார்கள். பழைய வங்கி அந்த விசாவைப் பார்த்து அப்படியே பதிந்திருந்தது. பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பித்தபோது என் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்தோம். புதிய வங்கியில் கணக்கு அந்தப் பெயரில். அனுப்பும் கணக்கிலும் பெறும் கணக்கிலும் இருப்பவர் ஒரே பெண்தான் என்பதை நிரூபிக்க இரண்டு கடவுச்சீட்டு, விசா, திருமணச் சான்றிதழ் எல்லாம் ஏற்றினோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது.

29ஆம் தேதி குளோசிங் நடக்கவில்லை.

அன்று மாலை எங்கள் கூடத்தில் முப்பத்தெட்டு அட்டைப் பெட்டிகள். கிரைண்டரையும் கட்டிவிட்டோம், அடுப்பங்கரையில் ஒரு குக்கரும் நான்கு தட்டும் மட்டும். மகள் தன் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, “புது வீடு நமக்கு இல்லையாப்பா?” என்று கேட்டாள். இருக்கிறதம்மா, பணம் வர வேண்டும் என்றேன். “பணம் எங்கே?” என்றாள். கைப்பேசியில் 54,000 என்ற எண் தெரிந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சாமான்களை வாடகைக் கிடங்கில் போட்டுவிட்டு, நண்பர் வீட்டுத் தரைத்தளத்தில் நான்கு இரவுகள் தங்கினோம். முகம் சுளிக்காமல் வைத்துக்கொண்ட அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

திங்கட்கிழமை பழைய வங்கிக்கு வயர் வந்தது. செவ்வாய் அங்கிருந்து போனது. அக்டோபர் 4, புதன்கிழமை சாவி கிடைத்தது. வீட்டுக் கடனின் வட்டி ஏறாமல் பூட்டி வைத்திருந்த காலத்தை நீட்டிக்க 690 டாலர். விற்றவருக்கு நாளுக்கு 110 வீதம் ஐந்து நாளுக்கு 550. கிடங்குக்கு 390. லாரியை மாற்றிப் பதிந்ததற்கு 300. அந்தக் கணக்கில் மூன்றரை மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த வட்டி ஏறத்தாழ 1,100 டாலர்.

வங்கியிடம் முறையிட்டபோது, எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள். இருக்கிறதுதான். எத்தனை முறை எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்புகளைக் கணக்குத் தொடங்கும்போதே தெரிவிக்க வேண்டும் என்று வங்கிகளுக்கான டி.டி. என்ற ஃபெடரல் விதி சொல்கிறது. 23 பக்க ஆவணத்தில் 17ஆம் பக்கத்தில் தெரிவித்திருந்தார்கள். வட்டியை மட்டும் முதல் பக்கத்தில் விரற்கடை உயரத்துக்குப் போட்டிருந்தார்கள். சட்டத்தின் எழுத்துக்கு இது போதும், ஒரு குடும்பத்தின் பணத்தை வாங்கி வைப்பவர்களுக்கு இது போதாது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகத்தில் இணைய வழியில் புகார் கொடுத்தேன். பதினைந்து நாளுக்குள் வங்கியிடமிருந்து பதில் வந்தது, வயர் கட்டணம் 30 டாலரைத் திருப்பித் தந்தார்கள். மற்றது எங்கள் தலையில். ஆனாலும் புகார் கொடுங்கள். வாடிக்கையாளர் சேவையில் பதில் வராத கடிதத்துக்கு அங்கே பதில் வருகிறது.

இப்போது நண்பர்கள் என்னிடம் எந்தக் கணக்கு நல்லது என்று கேட்டால், பெயர் சொல்வதில்லை. பெரிய தொகையைப் போடும் முன் 500 டாலர் போடுங்கள், மறுவாரம் அதை வெளியே எடுத்துப் பாருங்கள் என்கிறேன். ஒரு நாள் வரம்பு, முப்பது நாள் வரம்பு, மாதத்துக்கு எத்தனை முறை, வயர் இணையத்திலேயே அனுப்ப முடியுமா என்பதைத் தொலைபேசியில் கேளுங்கள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்பதே ஒரு பதில். இரண்டு வங்கியிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். குளோசிங் தேதி முடிவானதும் பணத்தைக் கிளை உள்ள வங்கிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு மாத வட்டி போனால் போகட்டும்.

இன்னும் இரண்டு குழப்பங்களைப் பலரிடம் பார்க்கிறேன். மணி மார்க்கெட் கணக்கு வேறு, மணி மார்க்கெட் ஃபண்ட் வேறு. ஃபண்ட் ஒரு முதலீடு, அதற்கு எஃப்.டி.ஐ.சி. காப்பீடு கிடையாது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தபோது ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற மணி மார்க்கெட் ஃபண்டின் ஒரு டாலர் பங்கு 97 சென்ட்டாக இறங்கியது. இரண்டாவது, செயலி வழியாகப் பணம் வாங்கும் நிறுவனம் தானே வங்கியா, அல்லது நடுவில் நிற்பதா என்று பாருங்கள். சினாப்ஸ் என்ற இடைநிலை நிறுவனம் 2024 ஏப்ரலில் திவாலானபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம் முடங்கியது. விழுந்தது வங்கி அல்ல என்பதால் காப்பீடும் உதவவில்லை. எஃப்.டி.ஐ.சி. தளத்தில் வங்கியின் பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

சென்ற மாதம் அவசரச் சேமிப்புக்காகப் புதிதாகக் கணக்குத் தேடி மூன்று வங்கிகளை அழைத்தேன். இரண்டில், ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்றார்கள். மூன்றாவதில் எடுத்த இளைஞர் வரம்புகளை எதையும் பார்க்காமல் கடகடவென்று சொன்னார். வயரை இணையத்திலேயே அனுப்பலாம், மாதத்துக்கு இத்தனை முறை என்ற கணக்கில்லை. அங்கே வட்டி கால் சதவீதம் குறைவு. 20,000 டாலருக்கு ஆண்டுக்கு 50 டாலர் வித்தியாசம். அங்கேதான் போட்டிருக்கிறோம், பழைய வங்கியின் தளத்திலிருந்து அனுப்பி.