டிபிஎம், வால்தர்ஸ், ஃபாலர்: வெட்டி மாத்தறதுக்கு எந்த கிட்?

மாடல் ரயில் லேஅவுட்டுக்கு, பாகம் பாகமா வர்ற பிளாஸ்டிக் கட்டட கிட் வாங்கறவங்க பாதிப் பேர் பெட்டி மேல இருக்கற படத்தப் பாத்துதான் வாங்கறாங்க, அப்படியே கட்டி வைக்கணும்னா அது சரிதான், ஆனா வெட்டி நம்ம இடத்துக்கு ஏத்த மாதிரி மாத்தணும்னா சுவர் எப்படி இருக்குன்னுதான் மொதல்ல பாக்கணும். ஹெச்ஓ ஸ்கேல்ல, அதாவது 1:87ல, நான் அதிகமா கத்தி வச்சது இந்த மூணு கம்பெனி கிட்லதான்.

ஃபாலர் ஜெர்மனி, 1946லேர்ந்து இருக்காங்க. ஒவ்வொரு பாகமும் அதுக்குரிய கலர்லயே வரும், பெயின்ட் தொடாமலே கட்டி முடிச்சிடலாம், ஆனா பிளாஸ்டிக் பளபளப்பு போக மேட் வார்னிஷ் அடிச்சே ஆகணும். பழைய கிட் பலதுல அளவும் கொஞ்சம் சின்னதா இருக்கும். 2 மீட்டர் கதவு 23 மில்லிமீட்டர் வரணும், கையில கிடைச்சதும் கதவ அளந்து பாருங்க, கம்மியா இருந்தா லேஅவுட்டோட பின் வரிசையில வைங்க, தூரத்துல இருக்கற மாதிரி அழகா தெரியும். மரச்சட்டம் போட்ட வீடுகள வெட்டாதீங்க, சட்டம் பாதியில அறுந்தா கண்ணுக்கு உடனே தெரிஞ்சிடும்.

வால்தர்ஸ் அமெரிக்கா. அவங்க கார்னர்ஸ்டோன் வரிசையில ஃபேக்டரி, குடோன் எல்லாம் நல்லா பெருசா கிடைக்கும், பெரும்பாலும் ஜன்னல் தனியா வர்றதால சுவருக்கு ஒரு கலர், ஜன்னலுக்கு ஒரு கலர்னு ஸ்ப்ரே அடிச்சிட்டு அப்புறமா மாட்டலாம், இந்த ஒரு வசதிக்கே நான் பல தடவ இதத்தான் வாங்கியிருக்கேன்.

டிபிஎம்னா டிசைன் ப்ரிசர்வேஷன் மாடல்ஸ், அதுல ஜன்னல், கதவு எல்லாம் சுவரோடயே வார்த்து வரும், சட்டத்துக்கு சின்ன பிரஷ்ல கையாலதான் பெயின்ட் அடிக்கணும், சுவர் ஓரமும் நேரா இருக்காது, உப்புத்தாள தட்டையா ஒரு கண்ணாடி மேல ஒட்டி வச்சு ஓரத்தத் தேய்க்கணும். இவ்ளோ வேல இருந்தும் வெட்டறதுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். சுவர் தடிமனா இருக்கு, உள்ள பல்ப் போட்டாலும் மத்த கிட் அளவுக்கு வெளிச்சம் ஊடுருவாது, மாடுலர் வரிசைன்னா மாடி மாடியா தனித்தனி துண்டா கிடைக்குது, ஒரு மாடியக் கூட்டவோ குறைக்கவோ ரம்பமே தேவையில்ல.

லேஅவுட்டுக்குப் பின்னாடி இருக்கற சுவர ஒட்டின மாதிரி ஒரு நீளமான குடோன் வேணும்னு வைங்க. கிட்டோட பின் சுவர் யார் கண்ணுக்கும் படாது, அதனால முன் சுவரையும் பின் சுவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒட்டினா அதே கிட்ல ரெண்டு மடங்கு நீளம் வந்துடும். சுவரோட ஒட்டின தூண் இருக்கு பாருங்க, அதோட ஓரத்துல ரம்பம் வைங்க, செங்கல் நடுவுல வெட்டினா இணைப்பு எப்பவும் தெரியும். அப்படியும் தெரிஞ்சா அது மேல ஒரு மழைத்தண்ணி பைப் ஒட்டிடுங்க.

தண்ணி மாதிரி இருக்கற பிளாஸ்டிக் சிமென்ட் இடுக்குல தானா ஓடிப் பரவும், அது ஓடற பாதையில விரல் இருந்தா பிளாஸ்டிக் கரைஞ்சு ரேகை அப்படியே பதிஞ்சிடும். என்னோட நல்ல சுவர் ஒண்ணு இப்படித்தான் போச்சு, அன்னைக்கு ரொம்ப வருத்தமா இருந்துது, இப்பல்லாம் துணிக் கிளிப் போட்டுப் பிடிச்சிட்டு, சுவருக்கு உள்பக்கத்துலேர்ந்துதான் பிரஷ்ஷ வைக்கறேன்.