முத்துப் பவள மாலை: எந்தச் சரம் வாங்கலாம், எதோடு கோக்கலாம்?

நகைக்கடையில் முத்துப் பவள மாலை கேட்டால் பொதுவாக மூன்று விதச் சரக்கு மேசைக்கு வரும். மத்தியதரைக் கடல் செம்பவளம் ஒன்று. ஜப்பான், தைவான் பக்கத்துப் பவளம் இன்னொன்று. சாயம் ஏற்றிய மூங்கில் பவளம் மூன்றாவது. மூன்றையும் ‘ஒரிஜினல் பவளம்’ என்றே சொல்லி விற்கிறார்கள். மூங்கில் பவளமும் கடலில் வளர்ந்ததுதான் என்பதால் வாங்குகிறவர் மறுத்துப் பேச முடியாது. ஆனால் அதன் இயல்பான நிறம் வெள்ளை அல்லது பழுப்பு. நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு பட்டறையில் ஏற்றியது.

ஒப்பிடுவதற்கு அதிகம் விற்கும் அளவையே எடுத்துக்கொள்வோம்: 18 அங்குலச் சரம், 6 மி.மீ. பவளம், இடையே 4 மி.மீ. நன்னீர் முத்து.

முதலில் எடை. 6 மி.மீ. பவள மணி ஒன்று துளை போக சுமார் 0.29 கிராம் நிற்கும். கோக்காத மணி பத்தைத் தராசில் போட்டால் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும். அதில் பாதிதான் காட்டுகிறது என்றால் பிளாஸ்டிக். இந்தச் சோதனை அதோடு சரி. கண்ணாடியும் மூங்கில் பவளமும் கிட்டத்தட்ட அதே எடைதான் காட்டும்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கித் துளையின் வாயைப் பாருங்கள். மொத்தச் சோதனையிலும் பலன் தருவது இந்த இடம்தான். நல்ல மத்தியதரைப் பவளத்தில் வெளியே உள்ள சிவப்பு அப்படியே துளைக்குள்ளும் இறங்கும். மணியின் மேல் மயிரிழை போன்ற கோடுகள் ஒரே திசையில் ஓடும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் அவை தெரியும். மூங்கில் பவளத்தில் இந்தக் கோடுகள் தடித்து, லென்ஸ் இல்லாமலே தெரியும். அந்தப் பள்ளங்களில் சாயம் கருஞ்சிவப்பாகத் தேங்கியிருக்கும். துளைக்குள் போகப் போக நிறம் வெளுக்கும். துளை விளிம்பில் சிறிய உடைசல் இருந்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். கண்ணாடியில் கோடே இருக்காது. அதற்குப் பதில் காற்றுக் குமிழிகளும், சில மணிகளில் அச்சில் வார்த்த விளிம்பும் தெரியும்.

சந்தேகம் தீரவில்லை என்றால், கடைக்காரர் சம்மதத்தோடு ஒரே ஒரு மணியின் துளை ஓரத்தை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் சாயம். சிவக்காவிட்டால் உடனே நம்பிவிட வேண்டாம், சாயத்தின் மேல் பிசின் பூசியிருந்தால் எளிதில் கழன்று வராது. பாலில் போட்டால் பால் சிவக்க வேண்டும், அதுதான் அசல் என்று சொல்லும் கடைகள் உண்டு. அதை ஏற்காதீர்கள். பவளத்தின் நிறம் கல்லோடு கல்லாக வளர்ந்தது, பாலில் கரையாது. பால் சிவந்தால் அது சாயத்துக்குத்தான் சாட்சி. எலுமிச்சைச் சொட்டு விட்டுக் காட்டுவதையும் தடுத்துவிடுங்கள். பவளம் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்ட இடம் நுரைத்து மெருகு போகும், திரும்ப வராது. மூங்கில் பவளமும் அதே பொருள் என்பதால் அதுவும் நுரைக்கும், எனவே அந்தச் சோதனையால் எதையும் பிரித்தறிய முடியாது.

‘இத்தாலிப் பவளம்’ என்ற பெயருக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். நேப்பிள்ஸ் அருகே உள்ள டோரே டெல் கிரேகோ பவளம் அறுத்து மெருகேற்றுவதற்குப் பெயர் பெற்ற ஊர். சார்டீனியா, வட ஆப்பிரிக்கக் கடலோரச் சரக்கு மட்டுமல்ல, பசிபிக் பவளமும் அங்கே வந்து மணியாகிறது. ஆகவே ஊர்ப் பெயரை விட்டு, எந்த இனம் என்று கேளுங்கள். கோரல்லியம் ரூப்ரம் என்றால் மத்தியதரைச் செம்பவளம். ஜப்பானிய ‘அகா’ ஆழ்ந்த இரத்தச் சிவப்பு, நடுவில் வெள்ளை இருக்கும். மணியாக அறுக்கும்போது அந்த வெள்ளையைத் துளைப் பக்கம் தள்ளிவிடுவார்கள், பதிக்கும் கல்லில் அடிப்பக்கம் போய்விடும். இது குறையல்ல, அந்த இனத்தின் அடையாளம். ‘மோமோ’ என்பது பீச் பழ நிறம், சால்மன் நிறம். பசிபிக் இனங்கள் நான்கு 2008 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் இருக்கின்றன, எல்லை தாண்டி வரும்போது ஆவணம் வேண்டும். ‘ராமேஸ்வரம் பவளம்’ என்று யாராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் இருப்பவை பாறைப் பவளங்கள். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, நகைக்கும் ஆகாதவை.

மணியின் வடிவக் குறைகளுக்கு இன்றைக்கும் பழைய இலக்கணமே போதும். சிலப்பதிகாரத்தில் மதுரை மணிக்கடைத் தெருவைச் சொல்லும் இடத்தில், உள்ளே துளை விழுந்தது, கல்லிடுக்கில் முடங்கி வளைந்தது, முறுக்கேறியது ஆகிய மூன்று குற்றமும் நீங்கிய பவளக்கொடி விற்றதாக வருகிறது. துளை விழுந்த மணியை இப்போது மெழுகும் பிசினும் வைத்து அடைத்து விற்கிறார்கள். ஊசி முனையால் மெல்லத் தொட்டால் அடைத்த இடம் மெத்தென்று இருக்கும்.

இனி ஜோடி. நிறப் பொருத்தம் பார்ப்பதற்கு முன் கடினம் பார்க்க வேண்டும். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் பவளம் 3 முதல் 4 வரைதான். முத்து 2.5 முதல் 4.5 வரை. இரண்டும் ஒரே தரத்து மென்மை, இரண்டுக்கும் அமிலம் பகை, இரண்டையும் ஒரே விதமாகப் பராமரிக்கலாம். முத்தும் பவளமும் நூற்றாண்டுகளாக ஒரே சரத்தில் நிலைத்திருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. நிறத்தில், கோவைப்பழச் சிவப்புக்கு நீலம் பாய்ந்த வெள்ளை முத்தைவிடப் பாலாடை நிறம் நன்றாக எடுக்கும். வெளிறிய ரோஜா நிறப் பவளத்துக்கு வெள்ளை முத்தே சரி.

இந்த மாலை கெடுவது பெரும்பாலும் துளை அளவில்தான். முத்தின் துளை சிறியது, பவளத்தின் துளை பெரியது. முத்துக்கு ஏற்ற மெல்லிய நூலில் கோத்தால் பவளம் நூலில் ஆடும், துளை விளிம்பு நூலை அறுக்கும், பக்கத்து முத்தின் மேல்தோலையும் தேய்க்கும். ஒவ்வொரு மணிக்கும் இடையே பட்டு நூலில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள், அல்லது பவளத்தின் இரு பக்கமும் பொன் குண்டு வையுங்கள். 22 கேரட் தங்கம் பவளத்தைவிட மென்மையானது, கீறாது. முடிச்சு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மி.மீ. இடம் பிடிக்கும். முத்து சேராத, முடிச்சில்லாத 18 அங்குலப் பவளச் சரத்துக்கு 6 மி.மீ. மணி 76 வேண்டுமென்றால், முடிச்சுப் போட்டால் 65 போதும். மிச்ச மணியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் ஒன்றிரண்டு உடைந்தால் உதவும்.

மரகதத்தோடு பவளம் கண்ணுக்கு மிக அழகு. சிவப்பும் பச்சையும் தங்கத்தில் தனியாக எழும். ஆனால் மரகதம் 7.5 முதல் 8 வரை. பட்டை தீட்டிய மரகத மணியைப் பவளத்தின் பக்கத்தில் நேராகக் கோத்தால் நாளடைவில் பவளத்தின் தோள் மங்கிவிடும். வழவழப்பான மரகத மணியாக எடுத்து, நடுவே குண்டு வைத்துக் கோக்கலாம். மரகதத்தைத் தொங்கலாக மட்டும் வைப்பது இன்னும் நல்லது. கருகமணியிலும் இதே கவனம் தேவை. கண்ணாடி மணியின் துளை விளிம்பு கூர்மையானது, நூலையும் பவளத்தையும் சேர்த்துத் தின்னும். நீலப் பச்சை டர்க்காய்ஸ் திபெத், லடாக் நகைகளில் பவளத்தின் பழைய துணை. கடினம் 5 முதல் 6 வரை, அதிகம் உறுத்தாது. ஆனால் அது எண்ணெயை உறிஞ்சும் கல், தலைக்கு எண்ணெய் வைக்கும் நம் பழக்கத்தில் சீக்கிரம் பச்சையாகக் கறுத்துப்போகும்.

மாணிக்கத்தோடு சேர்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை. மாணிக்கத்தின் சிவப்பில் ஊதா சாயல் உண்டு, அதன் பக்கத்தில் பவளம் செங்கல் நிறமாகத் தெரியும். நவரத்தினத்தில் மட்டும் வேறு வழியில்லை. நடுவில் மாணிக்கம், தெற்கில் பவளம் என்பது மரபு. அந்த ஒன்பதில் வைரம் 10, பவளமும் முத்தும் அடிமட்டம். மோதிரமாகப் போட்டால் இவ்விரண்டும் முதலில் தேயும். நவரத்தினத்தைப் பதக்கமாக வாங்குங்கள், மோதிரமாக வேண்டாம். நீலக்கல்லோடு சேர்க்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். செவ்வாயின் கல்லும் சனியின் கல்லும் சேரலாமா என்பதற்கு உங்கள் ஜோதிடரிடம்தான் பதில் இருக்கும். நகை வேலையைப் பொறுத்தவரை, தனித்தனிக் கூட்டில் பதித்தால் இடையூறில்லை.

எந்தக் கல்லோடு சேர்த்தாலும் பவளத்தைக் கடைசியில்தான் பதிக்க வேண்டும். பற்றவைப்பு, அமிலத்தில் அழுக்கெடுப்பு, மெருகு எல்லாம் முடிந்த பிறகே அதைக் கூட்டில் வைக்கச் சொல்லுங்கள். தீ பட்டால் பவளம் கறுக்கும், அமிலம் பட்டால் அரித்துப்போகும். மோதிர அளவு திருத்தக் கொடுக்கும்போதும் கல்லை முதலில் கழற்றச் சொல்லுங்கள். சுற்றிலும் விளிம்பு மடித்த கூடுதான் பவளத்துக்கு ஏற்றது. கொக்கி வைத்து அழுத்தினால் ஓரம் தெறிக்கும்.

பில்லில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்கு மட்டும், பவளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பவளம், முத்து, கூட்டுக்குள் இருக்கும் அரக்கு மூன்றின் எடையையும் கழித்துத்தான் தங்க எடையும் அதன் மேல் செய்கூலி, சேதாரமும் வர வேண்டும். கல் எடையை ரத்தியில் எழுதினால் கேரட்டில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒரு ரத்தி என்பது சில இடங்களில் 0.12 கிராம், சில இடங்களில் 0.18 கிராம். கேரட் எங்கேயும் 0.2 கிராம். கல்லுக்குச் சான்றிதழ் கொடுத்தால் ‘சாயம் ஏற்றப்பட்டதா’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

மூன்றில் எது? தினமும் போட விரும்பினால் முடிச்சுப் போட்ட மத்தியதரைச் செம்பவளம், நன்னீர் முத்து, நடுவே குண்டு. ‘அகா’ விசேஷத்துக்கு அருமை, விலையும் அதற்கேற்ப இருக்கும். சாயம் ஏற்றிய மூங்கில் பவளத்தைச் சாயம் என்று பில்லில் எழுதி, அதற்கான விலையில் கொடுத்தால் வாங்கலாம். வெயிலில் வெளுக்கும், வியர்வையில் சாயம் இறங்கலாம் என்பதால் வெள்ளை ரவிக்கைக்கு மேல் போட வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின், சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் முடித்துவிட்டு மாலையைக் கடைசியில் போட்டு, கழற்றும்போது முதலில் கழற்றுங்கள். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, தனிப் பையில் படுக்க வையுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் பட்டு நூல் நீளும். புளி, எலுமிச்சை, டூத் பேஸ்ட், அல்ட்ராசானிக் இயந்திரம் எதுவும் கூடாது. அடிக்கடி போடும் மாலை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை நூலைப் பாருங்கள். முடிச்சுக்கும் மணிக்கும் நடுவே நூல் தெரிய ஆரம்பித்திருந்தால் மாற்றிக் கோக்க வேண்டிய நேரம்.